என்2 டேங்க் இன்ஜினை நேர்ல பார்த்தவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். டேங்க் இன்ஜின்னா தண்ணியை தன் மேலயே தொட்டில சுமந்துட்டுப் போற நீராவி ரயில் இன்ஜின், என்2 அதுல ஒரு வகை. சில வருஷம் முன்னாடி இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் ஷெரிங்ஹமுக்கு பசங்களோட போயிருந்தோம், கடல் பாக்கத்தான் போனது, ஆனா ஸ்டேஷன்ல பச்சை பெயிண்ட்ல 1744ம் நம்பர் என்2 நின்னுட்டிருந்துச்சு, அதுக்கப்புறம் கடல் பக்கமே நான் திரும்பல. 1920ல இருந்து 1929 வரைக்கும் கட்டின 107 இன்ஜின்ல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணே ஒண்ணுதான். 1921ல கிளாஸ்கோல நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செஞ்சது, டிசைன் நைஜல் கிரெஸ்லி. நீராவி இன்ஜின்லயே உலக வேக சாதனை வெச்சிருக்கிற மல்லார்டை டிசைன் பண்ண அதே மனுஷன். மல்லார்டோட மணிக்கு 126 மைல் வேகத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, ஆனா தினமும் ஆபீஸ் போற ஜனத்தை லண்டன்ல கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கும் மூர்கேட் ஸ்டேஷனுக்கும் கொண்டு போய் சேர்த்தது இந்த மாதிரி இன்ஜின்தான், எனக்கு அதுதான் பெரிய விஷயமா தெரியுது.

கிட்ட போய் பாருங்க, புகைபோக்கி ரொம்ப குட்டை. பாய்லர் உயரத்துல உக்காந்திருக்கு, மேல டனல் இடிக்கக் கூடாது, வேற வழி இல்ல. அப்புறம் முன்பக்கம் ரெண்டு சைடுலயும் தடியா ஒரு பைப் டேங்குக்குள்ள இறங்கும், அது என்னன்னு அன்னிக்கு எனக்குப் புரியல. யாராச்சும் சொல்லுங்க.

*

அண்ணே, அந்த பைப்தான் கதையே. அப்போ இந்த இன்ஜின் மூர்கேட் போன லைன் பூமிக்கு அடியில இருந்துச்சு, உள்ள நீராவியை விட்டா டனல் ரொம்பிடும், அதனால டிரைவர் ஒரு லீவரை இழுத்தா வேலை முடிஞ்ச நீராவி புகைபோக்கி வழியா போகாம அந்த பைப்ல போய் டேங்க் தண்ணில கரைஞ்சிடும். கஷ்டம் என்னன்னா புகைபோக்கில நீராவி ஊதினாத்தான் நெருப்பு காத்தை இழுத்து எரியும், அது நின்னா நெருப்பு மந்தமாகும், தண்ணியும் சூடாயிடும், பாய்லருக்குள்ள தண்ணி ஏத்துற இன்ஜெக்டர் சூடான தண்ணியை சரியா எடுக்காது. கரி போடுற ஃபயர்மேன் எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சு நெருப்பை ரெடி பண்ணி வெச்சிருக்கணும். கிங்ஸ் கிராஸுக்குத் திரும்பி வர்றப்போ ஹோட்டல் கர்வ்னு ஒரு ஏத்தம், வளைவும் இருட்டும் சேர்ந்து, பின்னாடி எட்டு பெட்டி வேற.

நான் லண்டன்ல தேம்ஸ்லிங்க் ட்ரெயின்ல தினமும் ஃபாரிங்டன் ஸ்டேஷன் போறேன், அது அந்தப் பழைய டனல் வழிதான். செங்கல் சுவர் ஜன்னல்ல ஓடுறதப் பாத்தா இதே இடத்துல நெருப்பு முன்னாடி நின்னு வேல பாத்தவங்க ஞாபகம் வரும், எந்த நாளும் தவறினதில்ல.

*

நான் அந்த 1744 பின்னாடியே குவாட்-ஆர்ட்னு சொல்ற, நாலு நாலா கோத்த பழைய பெட்டில ஏறிப் போயிருக்கேன்!! வார்னிஷ் போட்ட தேக்கு, 1924ல கட்டினது. நாலு பெட்டிக்கு அஞ்சே போகிதான். நம்ம ஊர்ல போகின்னா பெட்டியையே சொல்லுவோம், இது அடியில இருக்கிற சக்கரத் தொகுதி, அடுத்தடுத்த ரெண்டு பெட்டி ஒண்ணுமேல பங்கு போட்டு உக்காந்திருக்கும், நீளமும் எடையும் மிச்சம். உள்ள நடைபாதை கிடையாது, டாய்லெட்டும் கிடையாது, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி கதவு, ஸ்டேஷன் வந்ததும் அத்தனை கதவும் ஒண்ணா திறக்கும், ஒரு நிமிஷத்துல ட்ரெயின் காலி. ஷெரிங்ஹம் லைன்லயே வேபோர்ன் ஸ்டேஷன் தாண்டி ஹோல்ட் போற ஏத்தத்துல இன்ஜின் இழுத்த சத்தம் இருக்கே, நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு.

*

நான் பெரிசைப் பாத்ததில்லங்க, பொம்மைதான். ஒரு பழைய சாமான் சந்தைல ஹார்ன்பி டப்லோ கம்பெனி செஞ்ச பொம்மை டேங்க் இன்ஜின் கிடைச்சுது, நம்பர் 69567, கையில எடுத்தா இரும்பு மாதிரி கனம். 1938ல இதே உருவத்துக்கு அந்த ஊர் நாலு ரயில் கம்பெனி பெயிண்டையும் அடிச்சு வித்தாங்களாம், நிஜத்துல இந்த உருவம் அதுல என்2 ஓட்டின எல்.என்.இ.ஆர் கம்பெனி ஒண்ணுக்குத்தான் பொருந்தும். வீட்டுக்கு கொண்டாந்து எண்ணெய் விட்டு மூணு தண்டவாள டிராக்ல வெச்சோம், ரெண்டு தடவை திக்கிச்சு, அப்புறம் ஓடிடுச்சு. பொண்ணு ராத்திரி பத்து மணி வரைக்கும் தூங்கல, நானும்தான். அடுத்த லீவுக்கு ஷெரிங்ஹம் போறோம்.