கண்ணாடியில் அப்பத்தாவின் கோலம்

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். அப்பத்தாவின் கோல நோட்டில் 15 புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று உண்டு. அதை முகம் பார்க்கும் கண்ணாடியில் லேசரால் பொறித்து, கீழே அவர் பெயரையும் போட்டு, தங்கை வீட்டுப் பால் காய்ப்புக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

பட்டறையில் பெயரை ஏற்றியதுமே கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதறியது. பட்டறைத் தம்பி பர்மாக்காரர். 2019 அக்டோபர் 1-ல் நாடே ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது பர்மிய எழுத்தும் இப்படித்தான் பாடாய்ப் படுத்தியது என்றார். பெயரைப் படமாக, வெறும் கோடுகளாக மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துத்தான் பொறிக்கிறார்கள். பின்பக்கப் பெயின்டையும் அதற்கடியில் உள்ள வெள்ளி ரசத்தையும் லேசர் எரித்து எடுக்கிறது. முன்பக்கம் தடவினால் வழவழவென்றே இருக்கும். பின்னாலிருந்து பொறிப்பதால் படத்தை இடவலம் மாற்றிக் கொடுக்க வேண்டும். கோலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்ததால் எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. நிமிர்த்திப் பார்த்தால் கோலம் அத்தனை அழகு, அப்பத்தா பெயர் மட்டும் வலமிருந்து இடமாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது கண்ணாடியில் பாதியிலேயே கரண்ட் போனது. திரும்ப ஓட்டியபோது கோடு மயிரிழை விலகி இரட்டையாக விழுந்தது. மூன்றாவதை ஜெனரேட்டரில் ஓட்டினோம். பொறித்த கோடுகளுக்குப் பின்னால் மஞ்சள் பெயின்ட் அடித்ததும் வாசலில் வெயில் பட்ட கோலம் மாதிரியே நின்றது. அப்புறம், ரசம் வெட்டுப்பட்ட ஓரத்தில் ஈரம் ஏறினால் கறுத்துப்போகும். நம் ஊர் மழைக்கு, பின்புறம் வார்னிஷ் பூசாமல் மாட்டாதீர்கள்.

*

அக்கா, உங்கள் கண்ணாடிக் கதையைப் படித்தேன். நான் பர்மாவிலேயே மோல்மேன் ஊரில் இருக்கிறேன். ரசமில்லாத வெறும் கண்ணாடியில், சாமி அறைக் கதவுக்கு வேல் பொறித்தோம். கார்பன் டை ஆக்சைடு லேசர் மேற்பரப்பில் பொடிப்பொடியாக விரிசல் விட்டு வெளுக்க வைக்கிறது. முதல் துண்டில் சில்லு பெயர்ந்துவிட்டது. அடுத்ததில் ஈரச் செய்தித்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி அதன் மேலேயே ஓட்டினோம். சூடு ஓரிடத்தில் தங்காமல், வேல் பனி படிந்தது போல வந்தது. டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி மட்டும் வேண்டாம், மொத்தமாக நொறுங்கிவிடக்கூடும். முடிந்த கையோடு வெறுங்கையால் தடவவும் வேண்டாம், கண்ணாடித் தூள் ஏறிவிடும்.

அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுவீர்களா? எங்கள் அம்மாவும் 15 புள்ளிதான் வைப்பார்.