ஐஈஎல்டிஎஸ் லிசனிங் பார்ட் 4: ஜாஸ் வரலாறு லெக்சர் கேட்டா பாதியில விட்டுடுறேன், உதவி பண்ணுங்க

கேள்வி:
வெளிநாடு போறதுக்காக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கு படிச்சிட்டு இருக்கேன். முதல் மூணு பார்ட் ஓகே, நாலாவதுதான் உதைக்குது. ஒரே ஆள் பேசிட்டே போறார், பத்து கேள்வி, நடுவுல இடைவெளி கிடையாது, ஒரு தடவைதான் ஓடும். பழகலாம்னு யுனிவர்சிட்டி லெக்சர் தேடினேன், மியூசிக் பிடிக்கும்ங்கறதால ஜாஸ் வரலாறு எடுத்தேன். சப்டைட்டில் போட்டா எல்லாம் புரியுது, எடுத்துட்டா பேரா கொட்டுறாங்க, ஒரு பேர் என்னன்னு யோசிக்கிறதுக்குள்ள அடுத்த ரெண்டு வரி போயிடுது. செவன்டீனா செவன்டியான்னும் குழப்பம். டாபிக்க மாத்திடவா?

பதில் 1:
மாத்தாதீங்க ப்ரோ. பேர்தான் தடுக்குதுன்னா பேரை முன்னாடியே பழகிடுங்க. பட்டி போல்டன், கிங் ஆலிவர், லூயி ஆம்ஸ்ட்ராங், ஜெல்லி ரோல் மார்ட்டன்னு ஆரம்பகால ஜாஸ் கலைஞர்கள் நாலஞ்சு பேரோட பேரை வாய்விட்டு சொல்லிப் பாருங்க. ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸை லெக்சர்ல 'நூ ஓர்லின்ஸ்'னு முழுங்கிடுவாங்க. கார்னெட்னு சொன்னா கார்னர்னு காதுல விழும், அது டிரம்பெட் வகையில கொஞ்சம் குட்டையான வாத்தியம், போல்டனும் ஆலிவரும் ஊதினது அதைத்தான். கிளாரினெட், சாக்ஸபோன் நமக்கு ஏ.கே.சி. நடராஜன், கத்ரி கோபால்நாத் மூலமா ஏற்கனவே தெரியும்.

செவன்டீன்ல 'டீன்' அழுத்தமா நீளும், செவன்டில அழுத்தம் முன்னாடியே முடிஞ்சிரும். அதோட காலம் தெரிஞ்சா காது ஏமாறாது: முதல் ஜாஸ் ரெக்கார்டுன்னு பேச்சு வந்தா அது 1917, 1970 ஆக வாய்ப்பே இல்ல.

பதில் 2:
தம்பி, பேர் பாதிதான். பெரிய சிக்கல் வேற இடத்துல இருக்கு, லெக்சர் எடுக்கறவங்க எல்லாரும் நம்புற கதைய முதல்ல சொல்லிட்டு அப்புறம்தான் அதை உடைப்பாங்க, நாம முதல்ல சொன்னதை எழுதிட்டு பேனாவ வெச்சிடுவோம். உதாரணத்துக்கு, நியூ ஆர்லியன்ஸ்ல ஸ்டோரிவில்னு கேளிக்கை விடுதிகள் நிறைஞ்ச பகுதிய 1917ல அமெரிக்க கடற்படை நெருக்கடியால மூடினாங்க, அதனாலதான் கலைஞர்கள் வடக்குல இருக்கற சிகாகோ போனாங்கன்னு ஆரம்பிப்பாங்க. உடனே 'பட்'னு ஒண்ணு வரும். மார்ட்டன் அதுக்கு முன்னாடியே ஊரை விட்டு கிளம்பிட்டார், ஆம்ஸ்ட்ராங் சிகாகோ போனது 1922ல. பெரிய காரணம் வேற: தெற்குல இருந்த இனக்கொடுமை தாங்காமலும் வடக்குல கிடைச்ச ஃபேக்டரி வேலைக்காகவும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இடம் பெயர்ந்தாங்க, இசையும் அவங்களோட போச்சு. கேள்வி இங்கதான் விழும். அதனால 'பட்', 'ஹவெவர்', 'இன் ஃபேக்ட்' காதுல விழுந்ததும் கை எழுத ஆரம்பிக்கணும்.

நோட்ஸ்ல வருஷம், ஊர், காரணம் மட்டும் போதும். நடுவுல பாட்டு போட்டா அந்த நேரத்துல விட்டதை நிரப்புங்க. முதல் தடவை நிறுத்தாம கேளுங்க, தொலைஞ்ச இடத்த மட்டும் திரும்ப கேளுங்க, சப்டைட்டில் கடைசியா.

கேட்டவர்:
நன்றிக்கா. இப்பதான் ஒரு இடம் புரியுது. முதல் ஜாஸ் ரெக்கார்டு போட்டது ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்னு வெள்ளைக்காரங்க குழு, அப்ப ஜாஸ் அவங்க கண்டுபிடிச்சதான்னு முழிச்சேன். பின்னாடி போல்டனைப் பத்தி சொல்றதுதான் பதில்போல.

பதில் 2:
அதேதான். 1900 வாக்குலயே போல்டன் வாசிச்சிட்டு இருந்தார், ஆனா அவர் வாசிச்ச ரெக்கார்டு ஒண்ணுகூட நமக்கு கிடைக்கல. முதல்ல பதிவானது வேற, முதல்ல வாசிச்சது வேற.

அடுத்தது பீபாப்னு 1940கள்ல வந்த வேகமான ஜாஸ் பாணியப் பத்தின லெக்சர் எடுங்க. 1942 ஆகஸ்ட்ல அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங்க நிறுத்தி ஸ்ட்ரைக் பண்ணுச்சு, அதனால சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி நியூயார்க்கோட ஹார்லெம் பகுதியில அந்தப் பாணிய புதுசா வாசிச்சு வளர்த்த காலத்துக்கு ரெக்கார்டு ரொம்ப கம்மி. அந்தக் காரணத்த லெக்சர்ல எந்த இடத்துல சொல்றாங்கன்னு சப்டைட்டில் இல்லாம பிடிச்சு இங்க எழுதுங்க, பாக்கறேன்.