விக்கிட் போன பிறகு வைஃபை விவரங்களை எங்கே பார்ப்பது?

கரிசல்காடு:
வணக்கம் நண்பர்களே. டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) 10 வரை விக்கிட் என்ற வைஃபை இணைக்கும் மென்பொருளை வைத்துத்தான் ஓட்டினேன். மூலையில் இருக்கும் ஐகான் மேல் மவுஸை வைத்தால் போதும், எந்த நெட்வொர்க், சிக்னல் எவ்வளவு, ஐபி என்ன என்று எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். 11-க்குப் போனதும் விக்கிட்டையே எடுத்துவிட்டார்கள், பைத்தான் 2 என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது என்பதால். சரி என்று அதே வேலையைச் செய்யும் நெட்வொர்க்மேனேஜருக்கு மாறினேன். இப்போது ஐகானைத் தட்டினால் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று பெயர்ப் பட்டியல்தான் வருகிறது, என் இணைப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. நேற்று நெட் இழுத்துக்கொண்டே இருந்ததால் இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கேட்வே (நெட்டுக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி) என்ன, எந்த வேகத்தில் கனெக்ட் ஆகியிருக்கிறது என்று அவர்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, மகள் ஆன்லைன் வகுப்பில் பாதியில் இணைப்பு அறுந்து விழுந்து விழுந்து எழுகிறாள். நான் வைத்திருக்கும் டெஸ்க்டாப் (திரைச் சூழல்) எக்ஸ்எஃப்சிஇ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்டிக்கடை64:
இடது கிளிக் செய்கிறீர்கள், வலது கிளிக் செய்யுங்கள். அந்த மெனுவில் 'கனெக்‌ஷன் இன்ஃபர்மேஷன்' என்று இருக்கும். கார்டின் ஹார்டுவேர் முகவரி, டிரைவர், வேகம், செக்யூரிட்டி, ஐபி, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) எல்லாம் அதற்குள்தான். கேட்வே என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள், அங்கே அதற்கு 'டிஃபால்ட் ரூட்' என்று பெயர், நானே முதல் தடவை கண்ணெதிரே வைத்துக்கொண்டு தேடினேன். கேபிளும் செருகியிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி டேப் வரும், வைஃபை டேப்பைப் பாருங்கள். ஐபி 192.168 என்று தொடங்கினால் அது உங்கள் ரவுட்டர் கொடுத்தது, வெளியுலகத்துக்குத் தெரியும் ஐபி வேறு.

அலைவரிசை:
அண்ணே, அதில் காட்டும் வேகத்தை நெட் வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வேகம் மட்டும்தான். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் அங்கே 72 எம்பிபிஎஸ் என்று நின்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (அலைவரிசையில்) ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே அலைவரிசையில் குவிந்து கிடக்கும். அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே லேப்டாப்போடு அறை அறையாக நடந்து பாருங்கள், எண் இறங்குவது தெரியும்.

டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) 'என்எம்சிஎல்ஐ' என்ற நெட்வொர்க்மேனேஜர் கட்டளையை வைத்து வைஃபை பட்டியல் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 'ரேட்' என்ற பத்தியில் 270, 540 என்று வருவது அந்த ரவுட்டர் தன்னால் முடியும் என்று அறிவிக்கும் உச்ச வேகம், உங்களுக்குக் கிடைப்பது அல்ல. இதைப் பார்த்துவிட்டு வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது என்று நிறையப் பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிக்னலும் அங்கே நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் வரும். டெசிபல் கணக்கு வேண்டுமென்றால் 'ஐடபிள்யூ' என்ற டெர்மினல் கட்டளைதான், மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 70-ஐத் தாண்டினால் வீடியோ வகுப்புக்குக் கஷ்டம்.

கரிசல்காடு:
ரொம்ப நன்றி. வலது கிளிக் செய்தேன், எல்லாம் வந்தது. டிஃபால்ட் ரூட் 192.168.1.1. வேகம் நீங்கள் சொன்ன அதே 72! 'எடிட் கனெக்‌ஷன்ஸ்' போய் வைஃபை டேப்பில் பேண்டை 5 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றி, துண்டித்து மறுபடி இணைத்தேன், இப்போது 433 காட்டுகிறது. மகள் காலையிலிருந்து ஒருமுறைகூட விழவில்லை. பின்கட்டு அறையில் மட்டும் கனெக்ட்டே ஆக மாட்டேன் என்கிறது, ஏன்?

அலைவரிசை:
5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவது கடினம். நீங்கள் பேண்டைப் பூட்டிவிட்டதால், அது எட்டாத இடத்தில் 2.4-க்குத் தானாக இறங்கவும் செய்யாது. பேண்டை மறுபடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள், அப்புறம் ரவுட்டரில் இரண்டு பேண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுங்கள், எந்த அறையில் எது வேண்டுமோ பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.