இரவு வேலை, சென்னை வெயில், 2027 கனவு: லட்ச ரூபாய்க்கு வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும் இன்டோர் ட்ரெய்னர் வாங்கலாமா?

மேடவாக்கம்_மிதி:

எல்லோருக்கும் வணக்கம். தொகை பெரியது என்பதால் யோசித்து யோசித்துக் கடைசியில் இங்கே கேட்கிறேன்.

எனக்கு வயது 41. துரைப்பாக்கத்தில் வேலை. அமெரிக்கக் குழுவோடு பேச வேண்டியிருப்பதால் பல நாட்கள் இரவு பதினொன்று ஆகிவிடும். மகன் பத்தாம் வகுப்பு. காலையில் அவனை டியூஷனில் விட்டு, பிறகு பள்ளி வேன் ஏற்றும்வரை வீட்டைவிட்டு நகர முடியாது. அதனால் வார நாட்களில் ஈ.சி.ஆர். பக்கம் போவதற்கே வழியில்லை. ஞாயிறு மட்டும் விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பி மகாபலிபுரம் போய்த் திரும்புகிறேன்.

200, 300 கி.மீ. பி.ஆர்.எம். (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) இரண்டையும் முடித்திருக்கிறேன். 2027 ஆகஸ்டில் பிரான்சில் நடக்கும் பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்பது ஆசை. அதற்கு அந்தப் பருவத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடிக்க வேண்டும். ஞாயிறு ஒரு நாள் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் (பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை நேரடியாக மாட்டும் வகை) ஒன்றைக் கடையில் விசாரித்தேன். லட்சத்தைத் தாண்டுகிறது. கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி), மேட், ஃபேன் எல்லாம் தனி. வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பையனுக்கு அடுத்த வருடம் பதினொன்றாம் வகுப்புக் கட்டணம் வருகிறது என்று ஞாபகப்படுத்தினார். நியாயமான பேச்சுதான்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். இரண்டாவது மாடி ஃபிளாட், கீழே வயதானவர்கள் இருக்கிறார்கள். என் வண்டி அலுமினியம் ஃபிரேம், 9 ஸ்பீடு (பின்னால் 9 கியர்), டிஸ்க் பிரேக். இந்தச் செலவு தகுமா? உண்மையிலேயே ரொம்ப நாள் பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேளச்சேரி_வாட்:

வணக்கம் மேடம். சில வருடங்களாகவே வீட்டில் ட்ரெய்னர் மிதிக்கிறேன், ஈ.சி.ஆரிலும் ஓட்டுகிறேன். உங்கள் நிலைமைக்கு வாங்கலாம் என்பேன். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

முதலில் ஏற்றத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அது யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. நம் ஊர் தட்டையான ஊர். முட்டுக்காடு பாலம்தான் நமக்கு மலை. பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் 1,200 கி.மீ.க்குச் சற்று மேல், மொத்த ஏற்றம் ஏறத்தாழ 12,000 மீட்டர். அங்கே பெரிய மலை எதுவும் இல்லை. பிரான்சின் மேற்கே பிரிட்டனி பகுதிப் பக்கம் போகப் போக ஒரு மேடு, ஒரு இறக்கம், மறுபடி ஒரு மேடு என்று இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மேடும் சின்னதுதான், ஆனால் கால் ஓய்வதே இல்லை. ஈ.சி.ஆரில் எதிர்காற்றில் மிதித்துப் பழகிய காலுக்கு அந்தச் சுமை புதிது. நாம் போய் ஏறக்கூடிய மலைகளில் ஒன்று ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், அருமையான சாலை. ஆனால் அங்கே போய் வர ஒரு முழு நாள் வேண்டும். உங்களுக்குக் கிடைப்பதோ வார நாளில் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் ட்ரெய்னருக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 7% ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற 150 வாட்டுக்குச் சற்று மேல் தேவை. எர்க் மோடில் அந்த 150 வாட்டை வைத்துவிட்டால் ட்ரெய்னர் உங்களை விடாது. நீங்கள் மெதுவாகச் சுற்றினால் சுமையைக் கூட்டும், வேகமாகச் சுற்றினால் குறைக்கும். சிக்னல் இல்லை, நாய் இல்லை, இறக்கத்தில் சும்மா உருளும் நேரமும் இல்லை. மேடவாக்கத்திலிருந்து கிளம்பி சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி ஈ.சி.ஆர். தொடுவதற்குள் போகும் நேரத்தில் வீட்டில் இரண்டு நல்ல இன்டர்வெல் (கொஞ்ச நேரம் கடுமையாக மிதித்து, நடுவே ஓய்வு விடும் பயிற்சி) முடிந்துவிடும். (எர்க் மோடில் களைத்துப்போய் கேடன்ஸை, அதாவது பெடல் சுற்றும் வேகத்தை, ரொம்ப இறக்கிவிட்டால் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். அப்போது எர்க்கை அணைத்துவிட்டு லேசாகச் சுற்றி மறுபடி தொடங்குங்கள்.)

அடுத்தது மாடல். விலை உயர்ந்ததற்குப் போகத் தேவையே இல்லை. வாஹூ கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கிக்கர் மாடலின் ஃப்ளைவீல் (உள்ளே சுழலும் கனமான சக்கரம்) 7.3 கிலோ, துல்லியம் 1%, 20% ஏற்றம் வரை காட்டும். கிக்கர் கோரில் ஃப்ளைவீல் 5.4 கிலோ, துல்லியம் 2%, ஏற்றம் 16% வரை. நீங்கள் மிதிக்கப்போகும் 150 வாட்டில் 2% என்றால் 3 வாட். நேற்றுச் சரியாகத் தூங்கினீர்களா என்பதே உங்கள் கணக்கை அதைவிட அதிகமாக மாற்றிவிடும். 1,800 வாட் தாங்கும், 2,200 வாட் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது ஸ்பிரிண்ட் அடிப்பவர்களுக்கு. நெடுந்தூரம் ஓட்டும் ரான்டனருக்கு அதில் ஒன்றுமில்லை. டாக்ஸ் கம்பெனியின் நியோ 2டி-க்கு மட்டும் ஒரு நல்ல குணம் உண்டு: கரண்ட் இல்லாமலும் வேலை செய்யும். கரண்ட் அடிக்கடி போகும் தெருவாக இருந்தால் அதை யோசிக்கலாம். இல்லையென்றால் நடுத்தர மாடல் தாராளமாகப் போதும்.

மிச்சமாகும் காசை ஃபேனில் போடுங்கள். இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. சென்னையில் ட்ரெய்னர் வாங்கியவர்கள் பாதியில் நிறுத்துவதற்கு முதல் காரணம் சூடுதான். உடல் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் முழுக்க வெப்பம். 150 வாட் மிதித்தால் உடம்பிலிருந்து 450 முதல் 600 வாட் வெப்பம் வெளியே போயாக வேண்டும். சாலையில் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் காற்று மேலே அடித்து அதைக் கொண்டுபோகிறது. அறையில் அந்தக் காற்று கிடையாது. மே மாதப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், கால் நன்றாக இருக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். சீலிங் ஃபேன் உதவாது, காற்று நெஞ்சில் நேராக அடிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் வைக்கும் பெடஸ்டல் ஃபேன் மாதிரி ஒன்று வாங்கி முன்னால் வையுங்கள். ஏ.சி. இருந்தால் அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஏ.சி. இருந்தாலும் ஃபேன் வேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன், யாரிடமாவது ஒரு சாதா ட்ரெய்னர் இரவல் வாங்கி, அதே அறையில், அதே நேரத்தில் சில வாரம் மிதித்துப் பாருங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் இன்டர்வெல் செய்தால் தூக்கம் கெடுகிறதா, பையன் கிளம்பிய பிறகு நேரம் நிஜமாகவே கிடைக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு லட்ச ரூபாய் கொடுப்பதில் பயம் இருக்காது.

ட்ரெய்னரோடு இணைக்கும் ஆப் விஷயம் ஒரு வரி. ஸ்விஃப்ட் மாதம் 19.99 டாலர், மைவூஷ் இலவசம். உங்களுக்குத் தேவை எர்க் மோடும் ஒரு திட்டமும். இலவசத்திலேயே தொடங்குங்கள்.

ராத்திரி_ரான்டனர்:

அக்கா, நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். 600 முடித்திருக்கிறேன் என்ற உரிமையில்.

600-இல் ஆட்கள் கழன்று போவது கால் வலு இல்லாமல் குறைவு. சேடில் (இருக்கை) உரசி வரும் புண், வயிற்றில் சாப்பாடு தங்காதது, இரண்டாம் இரவு தூக்கம், உள்ளங்கை மரத்துப்போவது, இவைதான் ஆளை இறக்குகின்றன. இதில் எதையும் அறைக்குள் ஒரு மணி நேரம் மிதித்துக் கற்றுக்கொள்ள முடியாது. 400-க்கு 27 மணி நேரம் கொடுக்கிறார்கள் என்றால் அதில் ஒரு முழு இரவு சாலையில்தான். ஹெட்லைட் வெளிச்சத்தில் எதிரே லாரி வரும்போது தோளை இறுக்காமல் ஓட்டப் பழகுவதே ஒரு பயிற்சி. ட்ரெய்னர் வந்த பிறகு ஞாயிறு ஓட்டத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சாதா ஃப்ளூயிட் ட்ரெய்னர் (திரவத்தின் தடையால் சுமை தரும் வகை) ஒன்று, வண்டியில் இடது கிராங்க் (பெடல் தண்டு) பவர் மீட்டர், அதாவது மிதிக்கும் வாட்டை அளக்கும் கருவி, ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் நீங்கள் சொல்லும் தொகைக்குக் கீழேயே முடிக்கப் பார்க்கலாம். எர்க் மோட் இருக்காது, கியரை மாற்றி நீங்களேதான் வாட்டைப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பவர் மீட்டர் பி.ஆர்.எம்.மிலும் கூடவே வரும். முதல் நூறு கிலோமீட்டரில் உற்சாகத்தில் ஓவராக மிதிப்பதைத் தடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. டைரக்ட் டிரைவில் போட்ட காசு வீட்டிலேயே நின்றுவிடும்.

பள்ளிக்கரணை_3வது_மாடி:

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர்கள் அமைதியானவைதான், செயின் சத்தமும் ஃபேன் சத்தமும்தான் கேட்கும். உங்கள் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது தொல்லை இல்லை. கீழ்வீட்டுக்குப் போவது அதிர்வு. நமக்குத் துளியும் தெரியாது, அவர்களுக்கு உத்தரத்திலிருந்து ‘உம்’ என்று இறங்கும். தடிமனான ரப்பர் மேட் போட்டு, அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக பீம் இருக்கும் பக்கம் வைத்தால் நன்றாகக் குறையும். அதைவிட முக்கியம், முதல் நாளே கீழே போய்ப் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, எந்த நேரம் தொந்தரவாக இருக்காது என்று கேட்டுவிடுங்கள். எங்கள் கீழ்வீட்டு மாமியிடம் கேட்டபோது மதியத் தூக்க நேரம் மட்டும் வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான், பிரச்சினை முடிந்தது.

டயரை உருளையில் அழுத்தும் வீல் ஆன் வகையை மட்டும் ஃபிளாட்டில் வாங்க வேண்டாம். டயர் இரைச்சல் இருக்கிறது, டயரும் சீக்கிரம் தேய்கிறது. டயர் காற்று கொஞ்சம் குறைந்தாலே வாட் கணக்கும் மாறிவிடும்.

அப்புறம் வியர்வை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட், அது திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங், ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் எல்லாம் உப்பு இறங்கும். கடற்கரை ஊர், ஏற்கெனவே துரு பிடிக்கும் ஊர். டாப் டியூப் (ஃபிரேமின் மேல்குழாய்) மேல் ஒரு துண்டைக் கட்டி வைத்து, முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

மேடவாக்கம்_மிதி:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை வீட்டுக்காரரையும் படிக்கச் சொன்னேன்.

ராத்திரி_ரான்டனர் தம்பி, பவர் மீட்டர் யோசனை நல்ல யோசனை. ஆனால் வேலை முடித்து மூளை களைத்துப்போய் ஏறும்போது, கியரை மாற்றி மாற்றி வாட்டைப் பிடிக்கும் பொறுமை எனக்கு இருக்காது. எண்ணை வைத்துவிட்டு மிதிக்க மட்டும் செய்யும் வசதிதான் எனக்கு வேண்டும். ஞாயிறு ஓட்டத்தை நிச்சயம் விட மாட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஓட்டத்துக்கு வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஞாயிறு குழுவில் ஒருவர் பழைய ஃப்ளூயிட் ட்ரெய்னரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் அதில் பார்க்கிறேன். கீழ்வீட்டுப் பெரியவரிடமும் பேசிவிட்டேன், இரவு ஒன்பதுக்கு மேல் மட்டும் வேண்டாம் என்றார். அதனால் இரவு நேரம் போயிற்று, பையன் பள்ளிக்குப் போன பிறகு காலை எட்டு மணிதான். அந்த ஒரு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டால் நடுத்தர மாடல் டைரக்ட் டிரைவ், பெரிய ஃபேன். பையன் கட்டணம் கட்டிய பிறகுதான் பணம் எடுப்பது என்றும் பேசிக்கொண்டோம். எப்படியும் ஜூன் ஆகிவிடும்.

கடையில் என் 9 ஸ்பீடு வண்டி பொருந்தாது, 11 ஸ்பீடுக்கு மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது உண்மையா?

வேளச்சேரி_வாட்:

இல்லை மேடம், தேவையே இல்லை. ஷிமானோ 11 ஸ்பீடு ஃப்ரீஹப் (கேசட் மாட்டும் பாகம்) உள்ள ட்ரெய்னரில் 9 ஸ்பீடு கேசட் போடலாம். கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்) ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான். பல ட்ரெய்னர்களில் பெட்டிக்குள்ளேயே அது இருக்கும். இல்லையென்றாலும் சைக்கிள் கடையில் சின்னக் காசுக்குக் கிடைக்கும். ட்ரெய்னருக்கென்று தனியாக ஒரு 9 ஸ்பீடு கேசட் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் மிதிக்கிற ஆசையே போய்விடும். பின்சக்கரத்தில் இருக்கும் அதே பல் எண்ணிக்கையில் எடுத்தால் கியர் மாற்றும் டிரெய்லியரைத் தொட வேண்டிய வேலையும் குறையும்.

பணம் கட்டும் முன் பின்பக்க அச்சைப் பாருங்கள். டிஸ்க் பிரேக் என்பதால் குவிக் ரிலீஸ் 135 மி.மீ. ஆகவோ, 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் 142 மி.மீ. ஆகவோ இருக்க வாய்ப்பு அதிகம். எது என்பதைப் பொறுத்து அடாப்டர் மாறும்.

பிரேக் ஹைட்ராலிக் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். ட்ரெய்னரில் இருக்கும்போது பழக்கத்தில் பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஞாயிறு காலை சக்கரம் உள்ளே போகாது. அச்சுப் பக்கம் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எந்த அடாப்டர் என்று பார்த்துச் சொல்கிறேன்.