ஹைப்பர்சொனிக் வேகத்தில் வெப்பம் காற்றோட்டத்தையே மாற்றுமா?

வெள்ளவத்தை மாணவர்:
கொழும்பில் உயர்தரப் பௌதிகவியல் கற்கிறேன். எங்கள் கணக்குகளில் காற்றின் தன்வெப்ப விகிதத்தை (மாறா அமுக்கத்திலும் மாறாக் கனவளவிலும் உள்ள தன்வெப்பங்களின் விகிதம்) எப்போதும் 1.4 என்றே எடுக்கிறோம். ஹைப்பர்சொனிக் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் பறக்கும் ஊர்திக்கும் இது பொருந்துமா, ஐயா?

தெமட்டகொட பொறியியலாளர்:
பொருந்தாது, தம்பி. ஊர்தியின் முன்னே காற்று திடீரென அமுக்கப்படும் மெல்லிய எல்லையான அதிர்ச்சி அலையைக் கடந்த காற்று ஏறத்தாழ 800 கெல்வினைத் தாண்டும்போது அதன் மூலக்கூறுகளின் அதிர்வு சக்தியை உள்வாங்கத் தொடங்குகிறது. வளிமண்டல அமுக்கத்தில் 2,500 கெல்வின் அளவில் ஒட்சிசனும் 4,000 கெல்வின் அளவில் நைதரசனும் அணுக்களாகப் பிரியத் தொடங்குகின்றன. சக்தி இவ்வாறு செலவாவதால், வெப்பநிலை 1.4 கொண்டு கணித்த அளவுக்கு உயர்வதில்லை. ஆனால் அடர்த்தி, அலைக்கு முன்னிருந்ததைப் போல் ஆறு மடங்கு என அக்கணிப்பு விதிக்கும் எல்லையைக் கடந்து செல்ல, அதிர்ச்சி அலை ஊர்தியின் உடலை மேலும் நெருங்குகிறது.

மாணவர்:
அப்படியாயின் ஊர்தியின் சமநிலையும் மாறுமா?

கொட்டாஞ்சேனை விரிவுரையாளர்:
மாறும். 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடம் முதன்முறை திரும்பியபோது, அதன் மூக்கு எதிர்பார்த்ததைவிட மேல்நோக்கித் திரும்ப முயன்றதால், பின்புற அடியிலுள்ள அசையும் தகடான பின்னடி மடலைக் கணித்த கோணத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு தாழ்த்த வேண்டியிருந்தது. காற்றுச் சுரங்கச் சோதனைகள் இந்த வெப்ப வேதியியலை முழுமையாக மீளுருவாக்கவில்லை என்பது அதற்கான முக்கிய விளக்கங்களுள் ஒன்று.

தெமட்டகொட பொறியியலாளர்:
இன்னொன்றையும் சேர்க்கிறேன், பாடநூல்கள் இதைப் பின் அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படை சூடாகும்போது அதன் பாகுநிலை கூடி அடர்த்தி குறைவதால், அது தடித்து, வெளி ஓட்டத்துக்கு உடலே பருத்ததுபோல் தோன்றச் செய்கிறது. கூரிய முன்விளிம்புக்கு அருகே அமுக்கமும் உராய்வும் அதனால் உயர்கின்றன.