மறு: லூமினோல் ஒளிர்ந்தால் இரத்தமா? ‘அறிகுறிச் சோதனை’ என்று வைக்கலாமே

வணக்கம்.

குற்றம் நடந்த இடத்தில் இரத்தம் தேடித் தெளிக்கும் லூமினோல் போன்றவை, இரத்தமாக இருக்கலாம் என்று மட்டும் காட்டும் முதற்கட்டச் சோதனைகள் (presumptive test). குற்ற ஆவணப்படத் துணைத்தலைப்புக்காக இதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் ஹட்டன் அக்கா கேட்டதற்கு ‘முதனிலைச் சோதனை’, ‘அனுமானச் சோதனை’ என்று இரண்டு வந்திருக்கின்றன. முதலாவதில் வரிசை மட்டும்தான் தெரிகிறது, எவ்வளவு நம்பலாம் என்பது தெரியவில்லை.

இரண்டாவதுதான் வில்லங்கம். பதுளை சேர் சொல்வதுபோல் அகராதிப்படி அது சரி. ஆனால் சட்டத்தில் அனுமானம் என்பது பொய்யென்று காட்டும்வரை நிற்கும். நமது இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச்சட்டம் 4ஆம் பிரிவிலேயே இதைப் பேசுகிறது. இந்தச் சொல்லை லூமினோலுக்குக் கொடுத்தால், “இரத்தமில்லை என்று நீதான் காட்ட வேண்டும்” என்று சந்தேகநபரின் தலையில் கட்டிவிடுவோம்.

லூமினோல் இரத்தத்திலுள்ள இரும்பால் தூண்டப்பட்டு நீலமாக ஒளிரும். செம்பு உப்புக்கும் ஒளிரும், ப்ளீச்சுக்கும் ஒளிரும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் சாமி மூலையில் பச்சைக் களிம்பு பிடித்த பித்தளை விளக்கு, பின்னால் ப்ளீச் ஊற்றிக் கழுவிய கக்கூஸ். அங்கே தெளித்தால் கொலை நடந்த இடம் மாதிரியே தெரியலாம். அந்த ஒளியும் அரை நிமிடமளவில் மங்கிவிடும். கமராவின் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்து எடுப்பதால்தான் படத்தில் அப்படிப் பளீரென்று இருக்கிறது. பல படங்களில் நீலம் தெரிந்ததும் இசை ஏறும், காட்சி மாறும். ஆய்வுகூடம் பிறகு என்ன சொன்னது என்று ஒரு வரி வராது. “லைட்ட அணைச்சதும் ரத்தம் தெரிஞ்சிருச்சில்ல!” என்று தேத்தண்ணிக் கடையில் பேசுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் லிண்டி சேம்பர்லைன் 1982இல் தன் குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். காருக்குள் இரத்தத் தெறிப்பு என்று காட்டப்பட்டது, இரைச்சலைக் குறைக்கத் தொழிற்சாலையில் பூசிய தார்க்கலவை. குடும்பம் இருந்த மவுண்ட் ஐசாவோ செம்புச் சுரங்க ஊர். அந்த வழக்கில் பயன்படுத்திய நிறச்சோதனையும் லூமினோல் போல முதற்கட்டச் சோதனைதான், செம்புத் தூசும் அதில் நிறம் காட்டக்கூடியது. தீர்ப்பு ரத்தாக 1988 ஆகிவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு ‘அறிகுறிச் சோதனை’. காய்ச்சலும் உடம்புவலியும் டெங்குவின் அறிகுறி, ஆனால் இரத்தப் பரிசோதனை இல்லாமல் டெங்கு என்று யாரும் எழுத மாட்டார்கள். விளக்கக் குறிப்பு இல்லாமலே ஒரு துணைத்தலைப்பு வரிக்குள் அடங்கும். ‘அறிகுறிச் சோதனையில் ஒளிர்ந்தது’ என்று போட்டுப் பாருங்கள், படம் எவ்வளவு இசை போட்டாலும் வசனம் அடக்கமாகத்தான் இருக்கும்.

அடுத்த கட்டத்துக்கு, அதாவது இரத்தம்தானா என்று ஆய்வுகூடம் சரிபார்க்கும் சோதனைக்கு (confirmatory test), ‘உறுதிச் சோதனை’ என்று அக்கா எழுதியிருப்பதில் எனக்கு ஓர் உறுத்தல். அதே வழக்கில் குழந்தையின் இரத்தம்தான் என்று சொன்னது நிறச்சோதனை அல்ல, குறிப்பிட்ட புரதத்தோடு சேரும் எதிர்ப்புரதத்தை (antibody) வைத்துச் செய்யும் எதிர்ப்புரதச் சோதனை. உறுதி செய்ய வந்ததே தவறிவிட்டது. ‘உறுதிகாண் சோதனை’ என்றால் முயற்சி மட்டும் தெரியும், முடிவு தெரியாது. பதுளை சேர் இதற்கு என்ன சொல்கிறார்?

– பண்டாரவளையிலிருந்து