புதுப்பிப்பு: அந்த 1 மில்லிகிராம் குழப்பம் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மனச்சோர்வு ஆய்வைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, எஸ்சிட்டலோபிராம் (வழக்கமான மனச்சோர்வு மாத்திரை) குழுவுக்கும் 1 மி.கி. சைலோசிபின் (சில காளான்களில் உள்ள, மனநிலையை மாற்றும் பொருள்; ஆய்வு ஒப்பிட்டது இவ்விரண்டையும்தான்) கொடுத்திருக்கிறார்களே, அவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது? "மருந்துப்போலி (மருந்தே இல்லாத போலி) என்று போட்டுவிடு" என்றுதான் பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் போட்டேன். தப்பு.

கட்டுரையை மறுபடி நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. மொத்தம் 59 பேர். 30 பேருக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை 25 மி.கி. சைலோசிபின், தினமும் விழுங்கிய மாத்திரைதான் அவர்களுக்கு வெறும் போலி. மற்ற 29 பேருக்கு அதே இரண்டு நாட்களில் 1 மி.கி., தினமும் உண்மையான எஸ்சிட்டலோபிராம். ஆக போலி இருந்தது முதல் குழுவில்! எல்லோருக்கும் சைலோசிபின் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அளவை மட்டும் மறைப்பதற்காகவே அந்த 1 மி.கி.

இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டிரண்டு வரி: அமர்வு மருந்து (அந்த இரண்டு நாட்களில் கொடுத்தது), தினசரி மருந்து. ஆய்வின் பதிவு எண்ணும் (என்சிடி03429075) சேர்த்தாயிற்று.

அப்புறம் முடிவுக் கட்டம். 2021இல் வெளியான கட்டுரையில் முதன்மை அளவீடு, ஆறாவது வார மனச்சோர்வு மதிப்பெண். குறைவு சராசரியாக 25 மி.கி. சைலோசிபின் குழுவில் 8 புள்ளி, எஸ்சிட்டலோபிராம் குழுவில் 6 புள்ளி. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. துணை அளவீடுகள் சைலோசிபின் பக்கம் சாய்ந்தன என்பதால் "வெற்றி" என்று குறிக்கச் சொன்னவர்களுக்கு: மன்னிக்கவும், அவற்றைத் தனிக் கட்டத்தில்தான் போட்டிருக்கிறேன்.